அட்மிஷன் பிடிக்கப் போன வீட்டில்

போன வருடம், எங்கள் கர்நாடகத்து ப்ளஸ் டூவான பி.யூ.சி. ரிசல்ட்டும், இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான சி.இ.டி. ரேங்க்கும் வந்து முடிந்த சமயம். கோலார் தங்க வயலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் குடியிருப்பது ராபர்ட்சன்பேட்டையில். ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் அப்போது லெக்சரராக இருந்தேன். டெலிகம்யூனிகேஷனும் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸும் சேர்ந்த டிகிரி எங்களுடையது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே "கம்ப்யூட்டர் இல்லியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

லெக்சரர் என்றால் பாடம் நடத்துவதுதான் வேலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் சேர்ந்தேன். வெயில் காலம் வந்தால் எங்களுக்கு இன்னொரு வேலை உண்டு. காலேஜ் நோட்டீஸ்களைப் பையில் திணித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். சென்ற வருடமோ நிலைமை இன்னும் மோசம். போதுமான பிள்ளைகள் சேராவிட்டால் எங்கள் டிபார்ட்மென்ட்டில் அந்த வருடம் வகுப்பே கிடையாது, வாத்தியார்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று காலேஜ் நிர்வாகம் சொல்லிவிட்டது. மற்றவர்கள் எப்படியோ ஆள் பிடித்துவிட்டார்கள்; சொன்ன எண்ணிக்கைக்கு இன்னும் ஒன்றிரண்டு பேர்தான் குறைச்சல். என் கணக்கில் ஒருவர்கூட இல்லை. எனக்கு அந்தச் சாமர்த்தியம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பிரின்சிபால் கூப்பிட்டுச் சொன்னார். "பேச்சோட விட்டுட்டு வராதீங்க மேடம். ஒரிஜினல் மார்க்ஸ் கார்டைக் கையில வாங்கிட்டு வந்துடுங்க." ஒரிஜினல் நம்மிடம் இருந்தால் பிள்ளை வேறு எங்கேயும் போய்ச் சேர முடியாது. அதுதான் சூட்சுமம்.

எங்கள் ஊரில் இந்த வேலையை ஞாயிற்றுக்கிழமைதான் செய்ய முடியும். மற்ற நாட்களில் போனால் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சுரங்கம் மூடியதிலிருந்து பாதி ஊர் விடியுமுன்னே ரயிலேறி பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு வந்து சேர்கிறது. அதனால் அன்று காலையிலேயே கிளம்பினேன். முதலில் ஒரு சர்ச் வாசல். ஆராதனை முடிந்து வந்தவர்கள் நோட்டீஸை வாங்கி அந்த வெயிலுக்கு விசிறிக்கொண்டார்கள். பிறகு லைன் வீடுகள், அதாவது சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்புகள். ஒரு வீட்டில் கறிக்குழம்பு வாசனை அடித்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. இன்னொரு வீட்டில் ஒருவர், "போன வருசமும் ஒரு சார் வந்தாரு, பிளேஸ்மென்ட் பிளேஸ்மென்ட்டுன்னாரு. எம்புள்ள இப்ப பார்சல் எடுத்துக்கினு சுத்தறான். போங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் என்ன தப்பு? முந்தின வாரம் முழுக்கப் பரீட்சைப் பேப்பர் திருத்தியிருந்தேன். சரியான தூக்கமில்லை. செருப்பு கடித்தது. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

மத்தியானம் தாண்டிக் கடைசியாக ஒரு வீட்டுக்குப் போனேன். அம்மாவும் பெண்ணும் மட்டும் இருக்கும் வீடு. அந்தம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. பெண் பி.யூ.சி. முடித்திருந்தாள். வெயிலில் நின்ற என்னைப் பார்த்ததும், "இன்னா மேடம் இந்த வெயில்ல? உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு ஃபேனுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். காலேஜ் விஷயம் என்று ஆரம்பித்தேன். "இருங்க, டீ போட்டுக்கினு வரேன்" என்று உள்ளே போனார். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. குடித்தது ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது வாசலில் வெயில் சாய்ந்திருந்தது. என் கழுத்துக்குப் பின்னால் ஒரு தலையணை. காலுக்கு ஒரு ஸ்டூல். ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அணைத்திருந்தார்கள். அம்மாவும் பெண்ணும் வீட்டுக்குள்ளேயே இல்லை. வெளியே வாசற்படியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசியபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சத்தமாகக் கூப்பிட்டதற்கு, அந்தம்மா வாயில் விரலை வைத்து, "ஸ்ஸ்! உள்ள மேடம் தூங்கறாங்க" என்றார்.

ஐயோ, எனக்கு மானமே போய்விட்டது! முன்பின் தெரியாத வீட்டில், அட்மிஷன் கேட்க வந்தவள், வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். பதறி எழுந்து, "எழுப்பியிருக்கலாமே" என்றேன்.

அவர் சாதாரணமாகச் சொன்னார். "ட்ரெயின்ல நாங்க தூங்கறவங்கள எழுப்ப மாட்டோம் மேடம். எறங்கற ஸ்டேசன் வந்தாத்தான் எழுப்புவோம். நீங்க எங்க எறங்கணும்னு எனக்கு இன்னா தெரியும்? அதான் வுட்டுட்டேன்."

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது. முகம் கழுவும் சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் தட்டில் சோறும் கறிக்குழம்பும். வேண்டாம் என்றதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எதிரில் உட்கார்ந்து விசாரித்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: காலேஜ் பஸ் ஊருக்குள் வருகிறதா?

"என்ன மாதிரி இவளும் ட்ரெயின்லயே கெடக்கக் கூடாது மேடம். ராவுக்குப் பொண்ணு வூட்ல இருக்கணும். பஸ்ஸு வருதுன்னா சேத்துக்கோங்க" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். ஒரிஜினல் மார்க்ஸ் கார்டு. நான் கேட்கவே இல்லை.

கவரைப் பிரித்தேன். நல்ல மார்க். நல்ல என்றால், எங்கள் காலேஜ் பக்கமே வராத மார்க். "சி.இ.டி. ரேங்க் எவ்வளவு?" என்று பெண்ணைக் கேட்டேன். அவள் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. அந்த ரேங்க்குக்கு பெங்களூரில் அரசு காலேஜிலேயே சீட் கிடைக்கும். எங்கள் காலேஜில் கட்டும் ஃபீஸில் கால்வாசிகூட அங்கே ஆகாது.

"ஆப்ஷன் என்ட்ரி போட்டியா?" என்றேன். எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று கவுன்சலிங்குக்கு வரிசை போட்டுக் கொடுப்பது அது.

"இங்க பக்கத்துல கீற காலேஜ் மட்டும் போட்டேன் மேடம்" என்றாள். பிறகு அம்மாவைப் பார்க்காமல், "பெங்களூர்னா ஹாஸ்டல். அம்மா தனியா இருக்கணும்" என்றாள்.

ஆப்ஷன்களை மாற்ற இன்னும் ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். கவர் என் மடியில். என் வேலை தப்பும். என்னோடு வேலை செய்யும் மற்றவர்களுடையதும் தப்பும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்தம்மாவே கொடுத்தது.

மறைப்பானேன், பாழாய்ப்போன மனசு கவரை எடுத்துப் பைக்குள் வை என்றுதான் சொன்னது. ஆனால் நாற்காலியில் அந்தத் தலையணை இன்னும் கிடந்தது. இந்த வீட்டில் தூங்கி எழுந்து, இந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எப்படி வைப்பது?

சொல்லிவிட்டேன். எங்கள் டிபார்ட்மென்ட் அடுத்த வருடம் இருக்குமா என்று எனக்கே தெரியாது. லேபில் பாதி வேலை செய்யாது. நல்ல வாத்தியார்கள் போய்விட்டார்கள். இந்த ரேங்க்குக்கு பெங்களூரில் அரசு காலேஜே கிடைக்கும், அதை இங்கே கொண்டுவந்து போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அந்தம்மா என்னையே பார்த்தார். "அப்ப இன்னாத்துக்கு மேடம் இந்த வெயில்ல அலையறீங்க?"

"வேலைக்காகத்தாங்க."

"அது சரி" என்றார். பெண் கேட்டாள், அந்தப் படிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. சட்டென்று எனக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது. அவள் அம்மா ரயிலில் வரும்போது போன் பேசுவதை உதாரணமாக வைத்துச் சொன்னேன். ரயில் ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டவர் கையை விடுவதற்குள் அடுத்த டவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்று யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். "பங்காருபேட்டை தாண்டினா எனக்குக் கட்டாவுதே, அது எவன் போட்ட கணக்கு?" என்று அந்தம்மா கேட்டார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு பாடம் நடத்தியது போல இருந்தது.

அம்மா ஹாஸ்டலுக்கு உடனே சம்மதிக்கவில்லை. ஆய்ந்து வைத்த கீரையை எடுத்து மறுபடி ஆய்ந்தார். கடைசியில், "நான் தெனம் போற ஊருதான. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்துடணும்" என்றார். நானும் அந்தப் பெண்ணும் அவள் போனிலேயே ஆப்ஷன்களை வரிசை மாற்றிப் போட்டோம். எதை முதலில் போடுவது என்று நான் சொல்லவில்லை. அவளே டெலிகம்யூனிகேஷனை மேலே போட்டாள். கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று நானே கேட்டும் பார்த்தேன். "எனக்கு இதான் வேணும்" என்றாள். கவரை அவள் அம்மா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பிறகு நடந்தது ஒன்றும் கதைகளில் வருவது போல இல்லை. எங்கள் டிபார்ட்மென்ட்டில் வகுப்பு தொடங்கவில்லை. நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், "ஊருக்கெல்லாம் நல்லது பண்ணு, நம்ம வூட்டை யாரு பாப்பாங்க?" என்று கத்தினார். என்னோடு வேலை பார்த்த, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்த ஒரு தோழி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அந்த ஒரு பெயர் இருந்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்குமா, எனக்குத் தெரியாது. அவள் கோபத்தை நான் தப்பென்றும் சொல்ல மாட்டேன். சில மாதங்கள் சும்மா இருந்தேன். இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. ஊரோடு சேர்ந்து நானும் ரயிலேறுகிறேன். அலுப்பு தீர்ந்தபாடில்லை. நான் செய்தது முட்டாள்தனம் என்று தோன்றும் நாட்களும் உண்டு.

அந்தப் பெண்ணுக்கு அரசு காலேஜில் அதே படிப்பு கிடைத்துவிட்டது. முதல் செமஸ்டரில் ஒரு நாள் போன் செய்தாள். "மேடம், எலக்ட்ரானிக்ஸ்ல ஒண்ணுமே புரில. கேக்கலாமா?" அன்றிலிருந்து பரீட்சை நெருங்கினால் போன் வந்துவிடும். ரயில் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே, லைன் கட்டாகக் கட்டாக, மறுபடி கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன்.

இத்தனை வருட வேலையில் எத்தனையோ பிள்ளைகளைக் காலேஜில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் என் மாணவி என்று யாரிடமாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தோன்றினால், நான் சேர்க்காமல் விட்டுவந்த அந்த ஒருத்திதான் இன்றைக்கும் வாயில் வருகிறாள்.