குமரு உள்ளே இருக்கு

கொள்ளிடம் கரையைத் தாண்டிய அன்று மதியம், எங்கள் மீட்புப் படகு சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்குள் இருந்தது. நான் கடலூர்ப் பக்கத்து மீனவன். தண்ணீருக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. அன்று பயந்தேன். மண்சுவர்கள் கரைந்து விழுகிற சத்தம் நாலாபக்கமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மரக்கிளையைப் பிடித்துத் தொங்கிய வயதான பாய் ஒருவரைத் தூக்கிப் படகில் போட்டோம். குளிரில் அவருக்கு வாய் குழறியது.

"குமரு உள்ள இருக்கு தம்பி... குமரு..."

சற்றுமுன் அதே தெருமுனையில் ஒரு வெளியூர் இளைஞனை ஏற்றியிருந்தோம். இறால் பண்ணையில் வேலை பார்ப்பவன். பெயர் குமார்.

"குமாரு இதோ ஒக்காந்திருக்காரு பாய், பயப்படாதீங்க" என்று படகோட்டி செல்வராசு கரைக்குத் திருப்பினான். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

கொஞ்சம் வந்ததும்தான் எனக்கு உறைத்தது. குமார் என்றால் 'இருக்கான்' என்றல்லவா சொல்வார்?

"மச்சான், நிறுத்து. பாய், யாரு உள்ள இருக்கறது?"

"எம் பொண்ணு தம்பி. கல்யாணமாவாத புள்ள. பரண்ல ஏத்தி வுட்டுட்டு ஆள் கூப்புட வந்தேன், தண்ணி அடிச்சிட்டு வந்துடுச்சு."

செல்வராசு படகை மறுபடி தெருவுக்குள் திருப்பினான். எதிர்த்தண்ணீரில் இஞ்சின் திணறியது. அவர் காட்டிய வீட்டில் வாசற்படி, கதவு எதுவும் தெரியவில்லை; ஓட்டுக்கூரை மட்டும் தெரிந்தது.

"யாரும்மா உள்ள?" பதில் இல்லை. இன்னொரு முறை கத்தினேன். ஓட்டுக்கு அடியில் மெல்லத் தட்டுகிற சத்தம்.

ஓடுகளைப் பெயர்த்தோம். அவள் கழுத்துவரை தண்ணீர். இழுத்துப் படகில் போட்டு விலகிய கொஞ்ச நேரத்தில் கூரை உள்ளே இறங்கியது.

கரை தெரிந்த பிறகுதான் செல்வராசு, "நாங்க குமாருன்னு நெனச்சிட்டோம்மா" என்றான்.

அவள் நடுங்கிக்கொண்டே பாயைப் பார்த்தாள். "நஸ்ரீன்னு பேரச் சொல்லக் கூடாதா வாப்பா?"

"வெளி ஆளுங்க முன்னாடி எப்படிம்மா..." அவர் அழுதார்.

பின்னொரு நாள் அண்ணாமலை நகரில் குடியிருக்கும் தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்டேன். குமரி என்ற பழைய சொல்தான் குமர், குமரு என்று ஆனதாம், மணமாகாத இளம்பெண். வடமொழியிலும் குமாரி உண்டு. குமார் என்ற பெயருக்கும் அதே இளமைதான் பொருள் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதிதாகப் படகேறுகிறவர்களுக்கு இதை மட்டும் சொல்வேன்: உள்ளே இருப்பது ஆணா பெண்ணா, பேர் என்ன, எத்தனை பேர் என்று கேள். பதில் விளங்காமல் படகைத் திருப்பாதே.