ஓரத்தில் நின்றவர்

படம் எடுக்கும் தொழிலில் வருகிறவரின் முகத்துக்கு வேலை குறைவு. அவர் மனசுக்குள் வைத்திருக்கும் முகத்தோடுதான் மாரடிக்க வேண்டும். செல்போனில் நல்ல கேமரா வராத அந்த நாளில், காரைக்காலில் ஸ்டூடியோவும் பிரவுசிங் சென்டரும் சேர்த்து நடத்தினேன். என்னைப் போல் இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

வெளுப்பு

சரவணன் திருமலைராயன்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. வாரம் தவறாமல் வந்து படம் எடுத்துக்கொள்வான். கம்ப்யூட்டரில் முகத்தை வெளுக்க வைத்து, பின்னால் ஒரு வெளிநாட்டுக் காரை நிறுத்தச் சொல்வான். அதை நெட்டில் ஏற்றிவிட்டு, யாராவது பாராட்டி எழுதுகிறார்களா என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். பெயருக்குக் கீழே மரைன் இன்ஜினியர் என்று போட்டிருந்தான். ஏன்டா இந்தப் பொய் என்றேன்.

“பொய் இல்லண்ணே, ஆகப்போறத முன்னாடியே போட்டிருக்கேன்.”

மாங்கனிக்கு வந்த நாள்

மாங்கனித் திருவிழாவுக்கு அப்பா கலியபெருமாளோடு வந்தான். மனுஷர் புதுச் சட்டை போட்டு, சாமி ஊர்வலத்தில் கூட்டத்துக்கு இறைத்தபோது பிடித்த மாம்பழத்தோடு மகனை ஒட்டி நின்றார். எடுத்தேன். அவர் டீ குடிக்க வெளியே போனதும், அவரை வெட்டிவிடச் சொன்னான் சரவணன். பிரிண்ட்கூடப் போடவிடவில்லை.

“நெட்டுல போட நான் மட்டும் போதும்ணே.”

ஒரு கை குறைச்சல்

சில மாதம் கழித்து கலியபெருமாள் தனியாக வந்தார். வெயிலில் கறுத்துவிடுவேன் என்று மகன் கடலுக்கு வருவதையே நிறுத்திவிட்டானாம். நெஞ்சுவலியோடு இவர் ஒருவரே படகை எடுக்கிறாராம். எனக்கு எரிச்சலாக வந்தது. அவனைக் கூப்பிட்டு நாலு வாங்கு வாங்குகிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார்.

“நீங்க சொன்னா கேப்பான் தம்பி, திட்டிப்புடாதீங்க.”

அஞ்சலி போஸ்டர்

சொன்னேன், கேட்கவில்லை. ஐப்பசியில் ஒருநாள் படகு மட்டும் கரை ஒதுங்கியது. அவர் கிடைக்கவேயில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும் என்று சரவணன் வந்தான். அப்பாவின் வாக்காளர் அட்டையில் கண்ணும் மீசையும் ஒரே கறுப்பாக அப்பியிருந்தன. கம்ப்யூட்டரில் இடம் போதாமல் திருவிழாப் படத்தை எப்போதோ அழித்திருந்தேன். அவன் நெட்டில் ஏற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். திருவிழாவன்று எடுத்ததில், அவன் சட்டையோரம் அவர் விரல்கள் மட்டும் வெட்டுப்படாமல் இருந்தன. அதைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்டான். திரையைப் பார்த்தபடியே அழுதான்.

“எல்லாப் படத்துலயும் நான்தாண்ணே இருக்கேன்.”

படம் எடுத்துப் பிழைக்கிறவர்களே, ஓரத்தில் நிற்கிற ஆளை வெட்டச் சொன்னால் வெட்டிக் கொடுத்துவிட்டு, அந்த ஆளைத் தனியாகப் பத்திரப்படுத்தி வையுங்கள், கட்டாயம் கேட்டு வருவார்கள்.