அம்பா அடங்கிய இடம்

மோட்டார் சைக்கிள் மாட்டில் மோதி என் மண்டை உடைந்தது. கடவுள் காப்பாற்றினார் என்று வந்து சொல்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. மாட்டை நடுவீதியில் விட்டவனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. காயம் ஆறி மயிர் முளைத்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு நான் சோம்பேறி. ஆனால் கோழி கூவினாலே மண்டைக்குள் ஆணி இறங்கும். யாரென்று பாராமல் ஏசிவிடுவேன்.

முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு அணிகள் தூரத் தூர நின்று இழுக்கும். வலை கரைக்கு வர வர அணிகளும் நெருங்கும். எல்லாருடைய கையும் ஒன்றாக விழுவதற்கு ஒருவன் அம்பா என்ற இழுவைப் பாட்டைப் பாடுவான். எங்கள் பாட்டுக்காரன் என் மனைவியின் அண்ணன், என் வயதுக்காரன். அவன் தொண்டை பரந்தன் வரை கேட்கும்.

திரும்பத் தொழிலுக்குப் போன அன்று, அணிகள் நெருங்கியபோது அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. கயிற்றை விட்டுவிட்டு மணலில் குந்திக் காதைப் பொத்தினேன். எங்கள் பக்கம் தளர்ந்து வலை சரிந்தது. பாதி மீன் போய்விட்டது. "பாவம், விடுங்கோ" என்றார் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இனிக் கூப்பிட மாட்டார்கள் என்று விளங்கியது.

மறுநாள் விடிய மச்சான் வாசலில் நின்றான்.

"வாறியா, படுத்துக் கிடக்கப்போறியா?"

"உன்ர கத்தல் எனக்கு ஏலாது."

"எனக்கு மட்டும் உன்ர மூஞ்சி ஏலுமே? எனக்குத் தூர, அங்கால மற்றக் கயித்தில நில். கிட்ட வந்தா வாயை மூடுறன்."

"பாட்டில்லாமல் எப்பிடி இழுக்கிறது?"

"துவாயை ஆட்டுறன். கண் இருக்குத்தானே?"

அப்படியே செய்தான். அணிகள் நெருங்கியதும் பாட்டை நிறுத்திவிட்டு முன்னால் வந்து தோளில் கிடந்த துவாயைத் தாளத்துக்கு ஆட்டினான். முதலில் கைகள் தடுமாறின. "இது வலையோ, செத்த வீடோ?" என்று ஒருவர் கேட்க எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கைகள் சேர்ந்தன. மீன் நிறைந்த வலைமடி சரியாமல் கரையேறியது. சூடை மீன் துள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கயிற்றை விடவில்லை.

நக்கல் வரிகளையெல்லாம் பாட்டுக்காரன் அந்தக் கடைசி இழுவைக்குத்தான் வைத்திருப்பான். ஊரே சிரிக்கும் இடம் அது. அதை எனக்காக விட்டான்; மற்றவர்களும் விட்டார்கள். என்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் பிடிப்பது எவ்வளவோ சுலபம்.

பங்கு பிரிக்கும்போது மச்சான் என் கூடையை நிரப்பினான்.

"முழுப் பங்கடா. கடைசி வரைக்கும் நிண்டனி."

நன்றி என்று சொன்னால் சாகும்வரை நக்கலடிப்பான். கூடையைத் தூக்கிக்கொண்டு, "நாளைக்கு எத்தினை மணிக்கு?" என்று கேட்டேன்.