பிரேசில் மச்சான்

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை. கல்முனையில் எங்கள் வீட்டு முன் அறையில் நான், வாப்பா, என் மாமி மகனான மச்சான், மூன்று பேரும் கூரியரில் வந்த ஒரு பெட்டியைச் சுற்றி நின்றோம். உம்மா குசினிக்கும் அறைக்குமாக வந்து போய்க்கொண்டிருந்தார். பெட்டிக்குள் இருந்ததை இயங்க வைக்கப் போகிறவன் மட்டும் அங்கே இல்லை. அப்படி ஒருவன் இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

வாப்பா மேசன். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சியும் முடித்து, வீட்டுப் பிளான்கள் கீறிக்கொண்டிருந்தேன். கட்டார் நாட்டில் வேலை செய்யும் ஒருவர் தன் மகளுக்கு மாடி வீடு கட்ட வாப்பாவிடம் கேட்டிருந்தார். ஆனால் ஒரு பெரிய கம்பனி, கட்டாத வீட்டுக்குள் நடந்து போவது போல ஒரு வீடியோ செய்து அவருக்குக் காட்டிவிட்டது. நீங்களும் அப்படி ஒன்று அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுக் குடும்பமாக இருந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். எட்டு மாத வேலை அது. நாலு மாதமாக வாப்பாவுக்குக் கிடைத்ததெல்லாம் மதிலும் பூச்சும்தான்.

வீட்டை நான் கணினியில் வரைந்து முடித்துவிட்டேன். அதை இரண்டு நிமிட வீடியோவாக்க என் பழைய கணினி ஒன்பது நாள் கேட்டது. நல்ல கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் ஒரு நாள் போதும். புதிது வாங்க வழியில்லை. இணையத்தில் தேடி, பிட்கொயின் போன்ற டிஜிட்டல் காசு தோண்டுவதற்கென்று செய்த பழைய கார்ட் ஒன்றை மலிவாகப் பிடித்தேன்.

பெட்டியைத் திறந்ததும்தான் தெரிந்தது, அதில் மொனிட்டர் வயர் செருகும் துவாரம் ஒன்றுகூட இல்லை. மச்சான் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதென்னடா, வாசலே இல்லாத ஊடு."

படம் கணினியின் பழைய துவாரத்தால் வரும், இது உள்ளே இருந்து கணக்கு மட்டும் போடும் என்று விளக்கினேன். வாப்பாவுக்கு உடனே பிடிபட்டது. "அப்ப இது கூலியாளு. முன்னுக்கு நிக்கிறது வேற ஆளு."

அந்தக் கூலியாளைக் கணினி வேலைக்குச் சேர்க்க மறுத்துவிட்டது. கார்டை அடையாளம் காட்டும் புரோக்ராமைப் போட்டேன். பொருத்தமான கார்ட் எதுவும் இல்லை என்று ஒரே வரியில் சொல்லி நின்றது. கார்ட் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, விசிறி கூடச் சுற்றுகிறது, கணினிக்கு மட்டும் அது இல்லை. அன்று பின்னேரம் ஒரு வெளிநாட்டு இணையக் குழுவில் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் என் கதையை எழுதிப் போட்டேன்.

ஒருவன் பதில் எழுதினான். மஞ்சள் ஜேர்சி போட்ட படம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எழுத்தும் இலக்கமும். பிரேசில்காரன் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தப் புரோக்ராமுக்குள் எந்தெந்தக் கார்டைச் சேர்க்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டு, உன் கார்டின் இலக்கம் அதில் இல்லை, நீயே எழுதிச் சேர் என்றான். செவ்வாய்க்கிழமை முழுக்க அதுதான் வேலை. நடுவில் கரண்ட் போய்விட்டது. போனில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் இப்போதுதான் போனது என்று அவன் எழுதினான்.

"பிரேசில்லயும் கரண்ட் கட்டாம்" என்று வாப்பாவிடம் சொன்னேன்.

"அவ்வளவு பெரிய நாட்டிலயுமா?" வாப்பாவுக்கு உண்மையாகவே கவலை.

புதன்கிழமை பட்டியல் சரிவந்தது. ஆனால் யாரோ கைவைத்த புரோக்ராமை ஏற்கமாட்டேன் என்று கணினி அடம்பிடித்தது. கணினியைத் திரும்பப் போடும்போது ஒரு திரை வரும், அதில் எஃப் ஏழை அழுத்தி அந்தக் காவலை ஒரு தரம் நிறுத்தலாம் என்று அவன் எழுதினான். நான் பதற்றத்தில் எஃப் எட்டை அழுத்திவிட்டு, நடக்கவில்லையே என்று நாலு தரம் எழுதினேன். அவனுக்குப் பொறுமை போய்விட்டது. இங்கிலீசில் வந்த பதிலுக்கு நடுவில் ஒரு சொல் மட்டும் நம்முடையதாக இருந்தது:

"எஃப் எட்டு இல்லை மச்சான், ஏழு, ஏழு."

கையை எடுத்துவிட்டேன். என் மச்சான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "பிரேசில்லயும் மச்சான் எண்டுதான் கூப்பிடுவாங்களா?"

நீ எந்த ஊர் என்று கேட்டேன். இலங்கை, நீ எங்கே என்றான். கல்முனை என்றேன். பிறகு வந்தது ஒரே சொல். அம்பாறை.

மூன்று நாளாக அவன், என் பெயரைப் பார்த்து, என்னை இந்தோனேசியாக்காரன் என்று நினைத்திருக்கிறான். இருவருக்கும் போனது ஒரே கரண்ட். எங்கள் மாவட்டத்தின் பெயரே அம்பாறை. ஆனால் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, கடிதம் கொண்டு போனதைத் தவிர, சிங்களவர் அதிகம் வாழும் அந்த டவுனில் எனக்கு ஒரு மனிதரையும் தெரியாது. சிங்களப் பொடியனாம் என்று சொன்னதும் உம்மா குசினி வாசலில் நின்று கேட்டார். "மச்சான் எண்டா? நம்மட எந்தப் பக்கத்து மச்சான்?" சிங்களத்தில் கூட்டாளியையும் மச்சான் என்பார்கள் என்றேன்.

எஃப் ஏழை அழுத்தினேன். கணினி எழும்பியது. பட்டியலில் எங்கள் கார்டின் பெயர். வீடியோவுக்கான ஒரு படத்தை மட்டும் ஓடவிட்டேன். முன்பு நாலரை நிமிடம் எடுத்த படம் பதினேழு செக்கனில் வந்து நின்றது. பளிங்குத் தரையில் யன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது. மச்சான் என் முதுகில் போட்ட அடி இரண்டு நாள் வலித்தது.

அந்தச் சந்தோசம் ஆறு நிமிடம்தான். கணினி டப்பென்று அணைந்தது. திரும்பப் போட்டால் திரும்ப அணைந்தது. உன் பவர் சப்ளையின் சக்தி இந்தக் கார்டுக்குக் காணாது, என்னிடம் பெரியது ஒன்று சும்மா கிடக்கிறது, நாளைக்கு வா என்று எழுதினான். பிரேசில், தூரம் என்று இனி நான் சாக்குச் சொல்ல முடியாதே.

வியாழன் காலை மச்சானின் மோட்டார் சைக்கிளில் சம்மாந்துறை தாண்டி, இரண்டு பக்கமும் வயலாக இருக்கும் ரோட்டால் போனேன். முக்கால் மணித்தியாலம். கணினி திருத்தும் ஒரு சின்ன அறைக்கு வெளியே அதே மஞ்சள் ஜேர்சியோடு நின்றான். என் வயதுதான் இருக்கும். அவனுடைய கொஞ்சத் தமிழும் என்னுடைய உடைந்த சிங்களமும் இங்கிலீசைவிட நன்றாக ஓடின. இதே கார்ட் நாலு வாங்கிக் காசு தோண்டப் போய் நஷ்டப்பட்டவனாம். அப்போது அதே குழுவில் உதவி கேட்டு எழுதினானாம், ஒருவரும் பதில் போடவில்லையாம். அதனால்தான் யார் கேட்டாலும் எழுதுவதாகச் சொன்னான். அவனுடைய அம்மா இஞ்சி போட்ட தேத்தண்ணி தந்தார். பவர் சப்ளையைப் பையில் வைத்துக்கொண்டு விலை கேட்டேன். தலையாட்டினான்.

"சல்லி எபா மச்சான்."

காசு வேண்டாம் என்கிறான். 'எபா' மட்டும்தான் சிங்களம். சல்லியும் மச்சானும் எங்கள் வீட்டில் தினமும் புழங்கும் சொற்கள். மூன்றில் இரண்டு எனக்குக் கற்றுக்கொள்ளாமலே தெரிந்திருந்தது.

பின்னேரம் அஸருக்கு வேலையைத் தொடங்கிய கணினி விடியச் சுபஹுக்கு முடித்துத் தந்தது. ஒரு தரம் கூட அணையவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டாரில் இருந்து போன் வந்தது. மனைவியும் மகளும் வீடியோவை மூன்று தரம் பார்த்தார்களாம், அத்திவாரத்துக்கு நாள் பாருங்கள் என்றார். வாப்பா 'அல்ஹம்துலில்லாஹ்' என்றுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "அந்தப் பொடியனுக்கு முதல்ல சொல்லு மகன்."

சொன்னேன். அன்றிலிருந்து அந்தக் குழுவில் யார் கேள்வி கேட்டாலும், எந்த நாட்டுக்காரர் என்று ஊகிக்காமல் பதில் எழுதுகிறேன். கார்டுக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறு, அம்பாறைக்குப் போய்வரப் பெற்றோல் ஐந்நூறு. யாராவது அந்தக் கார்ட் என்ன விலை என்று கேட்டால் பெற்றோலையும் சேர்த்துத்தான் சொல்வேன். எனக்குக் கிடைத்ததில் பாதிக்கு மேல், பவர் சப்ளையும் ஒரு கூட்டாளியும், அந்த ஐந்நூறில் வந்ததால், இன்றைக்கும் என் கணக்கில் அதன் விலை பதினேழாயிரம் ரூபாய்.