சுண்டுவிரல் வைத்தியம்

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு தபால் நிலையத்தில் வேலை. கை சும்மா இருக்காது. நாற்பத்தாறு வயதில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அக்குபங்சர் படிக்கச் சேர்ந்தார். அதோடு எங்கள் வீட்டில் யார் காலும் அவரவருக்குச் சொந்தமாக இல்லை. தலைவலி என்று வாயைத் திறந்தால் போதும், செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுவார்.

எனக்கு எட்டாம் மாதம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "குழந்தை தலை மேல இருக்கு. திரும்பலைன்னா ஆபரேஷன்தான்" என்றார். நான் வழி நெடுக அழுதுகொண்டே வீடு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வந்து, கைப்பையிலிருந்து சுருட்டு மாதிரி ஒன்றை எடுத்தார். காய்ந்த மூலிகையைக் காகிதத்தில் இறுக்கிச் சுருட்டியது. அக்குபங்சரில் ஊசிக்குப் பதிலாக இதைக் கொளுத்திச் சூடு காட்டுவதும் உண்டாம்.

"டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன், தாராளமா செய்யுங்கன்னாங்க. காலை நீட்டு."

"இதை எங்க வைக்கப் போறீங்கக்கா?"

"வைக்க மாட்டேன், பக்கத்துல காட்டுவேன். சுண்டுவிரல் நகத்தோட வெளி ஓரம்."

"வயித்துல இருக்கற பிள்ளைக்கும் சுண்டுவிரலுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"நீ நம்ப வேண்டாம். நீட்டினா போதும்."

பத்து நாள், ஒவ்வொரு காலுக்கும் கால் மணி நேரம். நெருப்பு தோலில் படாமல், இதமான சூடு மட்டும் ஏறும். வீட்டுக்காரர் சாம்பல் தட்டைப் பிடித்தபடி இருமுவார். முதல் நாளே மாடி வீட்டம்மா புகையைப் பார்த்து வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் வாளியை வைத்துவிட்டு, "எனக்குக் குதிகால் வலிக்குதே, அதுக்கு ஏதாவது இருக்கா?" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் யாரோ மெத்தையைப் புரட்டிப் போட்டதுபோல ஒரு குலுக்கல். அடுத்த ஸ்கேனில் தலை கீழே.

"பல குழந்தைங்க தானாவே திரும்பும்" என்று டாக்டரம்மா சிரித்தார்.

"திரும்பின ஆள் வெளிய வரட்டும், கேட்டுக்கலாம்" என்றார் அக்கா, விட்டுக்கொடுக்காமல்.

டாக்டரம்மாவின் அறையை விட்டு வெளியே வந்ததும் அக்கா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னக்கா இது?"

"நீதான்டி நான் வைத்தியம் பார்த்த முதல் கர்ப்பிணி. பத்து நாளும் கை நடுங்குச்சு. நல்லவேளை, புகையில உனக்குத் தெரியல."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா, சொல்லத் தெரியவில்லை.

பெண் குழந்தை, சுகப்பிரசவம். முதலில் கையில் வாங்கியவர் அக்காதான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்தார்.