பிஸ்கட்டுக்கு முந்நூறு திர்ஹாம்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். மேலே ஒரு சிலுவை வரைந்து, முதல் வரியை ஆரம்பிப்பதற்குள் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். வராவிட்டால் நானே ஒன்றை வரவழைத்துக்கொள்வேன். ஒரு பூனையைப் பற்றி எழுத ஒரு மனுஷனுக்கு இத்தனை வருஷத் தயக்கமா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான், கோர்வையாக வராது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன மாதம் நாகர்கோவிலில் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தேன். மகள் இப்போது அபுதாபியில் வேலை பார்க்கிறாள். டாக்டர் அவளோடு போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. இரண்டு பேரும் இங்கிலீஷில்தான் பேசினார்கள். லென்ஸில் விலை குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று. கூடியதையே வைத்துவிடுங்கள், விலை அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். பிறகு என்னிடம் தமிழில், "சாதாரண லென்ஸ்தான்பா, ரொம்ப ஒண்ணும் ஆவாது" என்றாள். சரி மக்களே என்று தலையாட்டினேன். எங்கள் ஊரில் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா வராந்தாவில் மருந்துத் தண்ணீர் விட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூக்கில் ஏறுகிற அந்த வாசனை என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் துபாயில் ஒரு மிருக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. என் மகள் எனக்காக ஒரு டாக்டரின் வார்த்தையை மாற்றிச் சொன்னது இது முதல் தடவை இல்லை. முதல் தடவை அவளுக்கு ஒன்பது வயது.

அப்போது நாங்கள் அல் குசைஸில் இருந்தோம். இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஒரு அறையில் நானும் என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவும் மகளும். இன்னொரு அறையில் சேவியர் அண்ணனும் அவர் மனைவியும். அண்ணன் எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி, நான் வேலை பார்த்த கம்பெனியிலேயே டிரைவர். ஒரே அடுப்படி. காலையில் யார் முதலில் இட்லி வைப்பது என்பதில் இரண்டு பெண்களுக்கும் சின்னச் சின்ன உரசல் உண்டு. அதையெல்லாம் எழுதினால் இது முடியாது.

நான் ஏசி டெக்னீஷியன். மொட்டை மாடிகளில்தான் என் பாதி ஆயுசு போனது. ஒரு கோடையில் கராமாவில் ஒரு கட்டடத்து மாடியில், ஏசி வெளிப்பெட்டியின் நிழலில் ஒரு பூனைக்குட்டி ஒட்டிக்கொண்டு கிடந்தது. தாயைக் காணோம். இரும்பைத் தொட்டால் தோல் உரிகிற வெயில். ஸ்பானர் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். ஸ்டெல்லா வாசலிலேயே மறித்தாள். கடற்கரையில் பிறந்தவர்களுக்குப் பூனை என்றால் மீன் திருடுகிற ஜென்மம், அவ்வளவுதான். ஆனால் பிள்ளை அதற்குள் அதன் நிறத்தைப் பார்த்துப் பிஸ்கட் என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு என்ன செய்வது?

இதில் ஒரு வேடிக்கை, அந்தப் பூனை மீனே தின்னாது. மத்தித் தலையைப் போட்டால் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பாக்கெட்டில் விற்கிற உருண்டைத் தீனிதான் வேண்டும். என் மகளும் அப்படியே, மீன் என்றால் முகம் சுளிப்பாள். "ரெண்டும் ஒரே சாதி, துபாய்க்காரங்க" என்று ஸ்டெல்லா சொல்வாள்.

மகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது. எங்கள் வீட்டுக்கு அவள்தான் இங்கிலீஷ். பேங்கானாலும் பள்ளிக்கூடமானாலும் பேசுவது அவள்தான். ஆறு வயதிலேயே கவுண்டருக்கு மேல் மூக்கு மட்டும் தெரிய நின்றுகொண்டு, "மை ஃபாதர் இஸ் ஆஸ்கிங்" என்று ஆரம்பிப்பாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவள் நினைத்தாள். உண்மையில், பிலிப்பைன்ஸ் சூப்பர்வைசர்களிடம் பத்து வருஷம் திட்டு வாங்கினவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும். பேச நாக்கு திரும்பாது, கேட்டால் புரியும். ஆனாலும் தெரியாத மாதிரியே நின்றுகொள்வேன். அவள் பேசுவதைக் கேட்க அவ்வளவு ஆசை. அவள் திரும்பித் தமிழில் விளக்கும்போது, "அப்படியா, அப்படியா" என்று ஒன்றும் அறியாதவன் போலக் கேட்டுக்கொள்வேன். ஒரு தகப்பனின் பெருமை என்று நினைத்துக்கொண்டு செய்தது.

அவளுக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் துபாயில் கட்டட வேலைகள் எல்லாம் அப்படி அப்படியே நின்றன. கிரேன்கள் நாள்கணக்கில் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஓவர்டைம் மாஃபி, கிடையவே கிடையாது. சம்பளம் இரண்டு மாதம் பின்னால் ஓடியது. அந்தச் சமயத்தில்தான் பிஸ்கட்டுக்குச் சுகமில்லாமல் ஆனது. மணல் தட்டில் போய் உட்காரும், முக்கும், ஒரு மாதிரி அழும், ஒன்றும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்து வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினோம். இரண்டாம் நாள் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை நாள். காலைப் பூசையில் பிள்ளை முழங்காலில் இருந்து எழும்பவே இல்லை.

மத்தியானம் அடுப்படியில் பேச்சு நடந்தது. எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதுதான் பேச்சு. சேவியர் அண்ணன் கதவில் சாய்ந்துகொண்டு கேலி பண்ணினார். "லேய், எனக்கு நெஞ்சு வலின்னப்ப நீ கம்பெனி கிளினிக்குக்குத்தான கூட்டிட்டுப் போன? அவன் ஒரு மாத்திரை தந்து விரட்டிட்டான். பூனைக்கு மட்டும் பிரைவேட்டா?"

சொன்னாரே தவிர, வண்டிச் சாவியை அப்போதே கையில் எடுத்துவிட்டிருந்தார்.

ஸ்டெல்லா நூறு போதும் என்றாள். பிறகு அவளே, அதுவும் ஆண்டவர் படைத்த உயிர்தானே என்று இருநூறுக்கு வந்தாள். நான் முந்நூறு என்றேன். அலமாரியில் வேதாகமத்துக்கு அடியில் இரண்டாயிரம் திர்ஹாம் இருந்தது. ஊரில் வீட்டுக்கு மேல்தளம் போட மறுநாள் அனுப்ப வேண்டிய பணம். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"முந்நூறுக்கு மேல கேட்டா?"

"கேட்டா கொண்டு வந்துருங்க. நாம என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, ஸ்டெல்லா பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

திரும்பிப் பார்த்தால், மகள் திரைச்சீலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து துணிக்கூடையின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பிஸ்கட்.

ஜுமைரா பக்கம் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு மகள் கேட்டாள், "அப்பா, த்ரீ ஹண்ட்ரட் போதுமா?" போதும் மக்களே என்றேன். சேவியர் அண்ணன் வெளியே வண்டியிலேயே இருந்துகொண்டார்.

டாக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்லவர். பூனையின் வயிற்றைத் தொட்டவுடனே அவர் முகம் மாறியது. மகளிடம் குனிந்து நிதானமாகப் பேசினார். சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கிறது, ஆண் பூனைகளுக்கு வருவதுதான். மயக்கம் கொடுத்துக் குழாய் போட வேண்டும், மூன்று நாள் இங்கேயே இருக்கட்டும். பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. செலவு ஆயிரத்து எண்ணூறு ஆகலாம்.

ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. எய்ட்டீன் ஹண்ட்ரட் என்பது புரியாமல் இருக்க நான் என்ன குழந்தையா?

மகள் கொஞ்ச நேரம் மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, முந்நூறுக்கு ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேட்டாள். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடமே, இல்லை கண்ணே, அந்தப் பணத்துக்கு வலியில்லாமல் தூங்க வைக்கத்தான் முடியும், ஆனால் அதற்கு அவசியமில்லை, அப்பாவிடம் கேள் என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. வீட்டில் யாருக்காவது கெட்ட செய்தி வந்தால் ஸ்டெல்லா வைத்துக்கொள்கிற முகம் அது. அதை அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

"அப்பா, இனி ஒண்ணும் செய்ய முடியாதாம். ரொம்ப லேட்டாம். ஊசி போட்டா அதுக்கு வலிக்காதாம்."

"வேற வழி இல்லன்னா சொன்னாங்க?"

"ஆமாப்பா."

இந்த இடத்தில்தான் இத்தனை வருஷமாகப் பேனா நின்றுபோகும்.

டாக்டருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். நேராக என்னிடம் வந்து, ஒவ்வொரு சொல்லாக, நான் சொன்னது உங்களுக்குப் புரிகிறதா ஸார் என்று கேட்டார். மகள் அசையாமல் நின்றாள். எனக்கு அலமாரியும் வேதாகமமும் இரண்டாயிரமும் கண்ணில் வந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெளியே சேவியர் அண்ணனிடம் கேட்டால்கூடத் திட்டிக்கொண்டே தந்திருப்பார்.

"நோ இங்கிலீஷ், மேடம்" என்றேன். "மை டாட்டர் ஸ்பீக்."

அதோடு கலாஸ், எல்லாம் முடிந்தது. காகிதம் கொண்டுவந்தார்கள், கையெழுத்துப் போட்டேன். ஊசி போடும்போது மகள்தான் அதன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கூரையில் இருந்த ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபில்டர் சுத்தம் பண்ணி ரொம்ப நாளாகியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது தெரிந்தது பாருங்கள்.

எல்லாம் சேர்ந்து முந்நூறுக்குள் முடிந்தது. வெளியே வந்ததும் ஜூஸ் குடிக்கிறாயா மக்களே என்று கேட்டேன். "வேண்டாம்பா, வீட்டுல தண்ணி இருக்கு" என்றாள். சேவியர் அண்ணன் வெறும் கூடையைப் பார்த்தார். வழியெல்லாம் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினார்.

எங்கள் வீட்டில் ராத்திரிச் செபமாலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு மன்றாட்டு சொல்வது வழக்கம். மகளுடையதுதான் ரொம்ப நீளம். சைக்கிள், தோழியின் காய்ச்சல், கணக்குப் பரீட்சை, பூனை என்று போய்க்கொண்டே இருக்கும். சாப்பாடு ஆறுகிறது சீக்கிரம் முடி என்று ஸ்டெல்லா அதட்டுவாள். அன்றைக்கு அவள் முறை வந்தபோது, "எனக்கு ஒண்ணும் இல்ல, அம்மா சொல்லுங்க" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். அதன் பிறகு என்றைக்கும் அவள் தனக்கென்று எதையும் கேட்டு நான் கேள்விப்படவில்லை. ஆண்டவரிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. ஒரு தடவை பள்ளிக்கூடப் பையில் சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொன்ன தாள் கிடந்தது, தேதி தாண்டியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, அங்கே ஒன்றுமில்லை அப்பா, வெயிலாயிருக்கும் என்றாள். காலணி கடித்துக் குதிகாலில் புண் வந்ததைக்கூட ஸ்டெல்லா கட்டிலில் ரத்தம் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். அந்தப் பிள்ளை எவ்வளவு பொறுப்பு என்று எல்லாரும் புகழ்வார்கள். எனக்கு எழுந்து வெளியே போய்விடத் தோன்றும்.

இரண்டு தடவை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப் போனேன். மிருகத்தை ஊசி போட்டுச் சாக விட்டேன் சாமி என்றுதான் வாயில் வந்தது. இங்கிலீஷ் புரிந்ததையும் பணம் இருந்ததையும் இரண்டு தடவையும் விட்டுவிட்டேன். வேதனைப்பட விடாமல் செய்தாயே, அதில் பாவம் ஒன்றும் இல்லை மகனே என்று சாமியார் ஆறுதல் சொல்லி அனுப்பினார். சொல்லாத பாவத்துக்கு யார் மன்னிப்புத் தருவது? தினமும் செபமாலை சொல்கிறேன், அந்த இடம் மட்டும் தொடப்படாமல் அப்படியே கிடக்கிறது.

மறு வருஷம் வேலை போய்விட்டது. ஸ்டெல்லாவையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு நான் லேபர் கேம்ப்புக்குப் போனேன். சேவியர் அண்ணன் இப்போது இல்லை, நெஞ்சு வலிதான் கடைசியில் அவரைக் கொண்டுபோனது. அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது பர்னிச்சர் கடை என்று மகளே ஒரு தடவை போனில் சொன்னாள், சும்மா பேச்சுவாக்கில். மேல்தளம் போட்டாயிற்று. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எனக்கு அது வேணும் இது வேணும் என்று மூச்சுவிடாமல் கேட்கிற ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தாள். கூடை மூடியைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறியவள் அவள்தான். திரும்பி வந்து இறங்கியது வேறு ஒருத்தி. அவளிடம் உண்மையைச் சொன்னால், என்மேல் வைத்த பிரியத்தில் அவள் செய்த ஒரு காரியத்தை அவள் கையிலிருந்து பிடுங்குவதாகிவிடும். சொல்லாவிட்டால் இப்படியே சாவேன். மூன்றாவதாக ஒரு வழி எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது; ஊருக்கு வந்த பிறகும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி எடுத்துத்தான் படித்தாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வாசிக்கிற உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இந்தக் கதையை யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் இருக்கிறபடியே சொல்லுங்கள். என் வீட்டுக்காரி சொல்வதுபோல் டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று சொல்லாதீர்கள். பாவம், படிப்பில்லாத மனுஷன் என்று இரக்கப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். பணம் இருந்தது. டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது.