ஒற்றைப் பட்டைக்கு எழுந்தவர்கள்

மின்னி பே கடற்கரைக்கு மேலே மேட்டில் ஒரு ராணுவ முகாம் இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே சிப்பாய்களுக்கு முடி வெட்டிவிடப் போவேன். தகரக் கூரை போட்ட சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, சுவரோரம் படாக் மரத்தில் ஒரு நீளப் பெஞ்சு. அதன் கால்களில் ஒன்று குட்டை. வாசல் முனையில் ஆள் உட்கார்ந்தால் பெஞ்சு அந்தப் பக்கம் சாயும். அவர் எழுந்தால் 'டொக்' என்று சத்தம் போட்டு நிமிரும்.

வருகிறவர்கள் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு உட்காருவார்கள். தொங்கும் சட்டைக் கையைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரியும். பட்டை இல்லையென்றால் சிப்பாய், ஒன்று இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு என்றால் நாயக். சட்டையைக் கழற்றினாலும் பட்டை அவர்களை விடாது. லான்ஸ் நாயக் உள்ளே வந்தால் சிப்பாய்கள் எழுவார்கள், நாயக் எழமாட்டார். நாயக் வந்தால் லான்ஸ் நாயக்கும் எழுந்தாக வேண்டும். சம அளவு பட்டை உள்ளவர்கள் மட்டும் எழாமல் நகர்ந்து இடம் விடுவார்கள்.

தருமபுரிப் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒருவருக்கு முதலில் பட்டை வந்தது. அந்த வாரம் அவர் என் அறை வாசலில் மழையில் நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தார்.

"எந்திரிடா."

"போடா. ராத்திரியெல்லாம் உன் கொறட்டையக் கேக்கறேன், அதுக்கே எனக்கு ரெண்டு பீத்தி குடுக்கணும்" என்றார் பெஞ்சிலிருந்த சிநேகிதர். பீத்தி என்றால் அவர்கள் பேச்சில் பட்டை.

"நீ எந்திரிக்காம வரமாட்டேன். லான்ஸ் நாயக்குக்குச் சளி புடிச்சா ரிப்போர்ட் உன்மேலதான்."

எல்லாரும் சிரித்தார்கள். சிநேகிதர் சோம்பல் முறித்துக்கொண்டே எழுந்தார். 'டொக்.' வந்தவர் அதே வாசல் முனையில் உட்கார்ந்தார். அதன்பின் எல்லாச் சனிக்கிழமையும் இதே விளையாட்டு.

அந்த வருடக் கடைசியில் பட்டை வாங்கியவர் வேலையாகக் கப்பலில் நிக்கோபார் போயிருந்தார். சுனாமி அலை வந்த காலையில் அங்கே கரையில் நின்றிருக்கிறார். உடல் கிடைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, ஒரு மழைநாள் மத்தியானம். ஒரு சிப்பாயின் பிடரியை வழித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தேன். பெஞ்சிலிருந்த சிப்பாய்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்தார்கள். வாசலில் யாருமில்லை, மழைதான். அவர்களோடு இருந்த நாயக் உட்கார்ந்தபடியே கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு அவர்கள் உட்கார்ந்தார்கள். வாசல் முனையை மட்டும் காலியாக விட்டார்கள்.

சுனாமிக்குப் பிறகு ஜமீன், அதாவது தரை, அடிக்கடி லேசாக ஆடும், பலகையில் கத்தரிக்கோல்கள் கிணுகிணுக்கும். நாயக்கின் முறை வந்ததும், "ஜமீன் ஆடிச்சா சாப்?" என்று கேட்டேன்.

"ஆடியிருந்தா நான் எந்திரிச்சு ஓடியிருக்க மாட்டனா?" என்றார். சிரிக்கவில்லை.

அபர்டீன் பஜாருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. சிப்பாய்கள் எழ வேண்டும், நாயக் எழ வேண்டியதில்லை. அப்படி உள்ளே வருகிறவருக்கு ஒரே ஒரு பட்டைதான் இருக்க முடியும்.

மறுபடியும் மறுபடியும் அது நடந்தது. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த ஒரு சிப்பாய், இறந்தவரைக் கண்ணால் கண்டிராதவர். ஒரு தடவை மற்றவர்களுக்கு முன்னால் அவர்தான் எழுந்தார்.

இறந்தவருடைய அந்த ஒரு பட்டை யாருக்கும் கொடுக்கப்படாமலே இருந்தது. கடைசியில் அது சிநேகிதருக்கு வந்தது. அவர் அதைத் தைக்கவில்லை, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நாயக் என் எதிரிலேயே அவரைத் திட்டினார்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லு. உனக்குப் பின்னாடி வந்தவன் வாங்கிப்பான். அவனுக்கு எந்திரிச்சு எந்திரிச்சே நீ பென்ஷன் போவ."

நாயக் போனதும் சிநேகிதர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "அண்ணே, இப்ப அவன் வந்தா எந்திரிக்கறேன். இதத் தச்சிட்டா எந்திரிக்கக் கூடாது. தான் செத்துட்டதாலதான் இவன் எந்திரிக்காம உக்காந்திருக்கான்னு அவன் நெனச்சுக்குவானே?"

பிடரி முடியைத் தட்டிவிட்டேன். அவர் கழுத்து சில்லென்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆணியில் மாட்டிய அவர் சட்டையில் ஒரு பட்டை இருந்தது, அவரே தைத்த கோணல் தையல். பெஞ்சு நடுவில் உட்கார்ந்திருந்தார். சிறிது நேரத்தில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அவர் எழவில்லை. கண்கள் வாசலிலேயே இருந்தன. பிறகு மெல்ல உள்பக்கமாக நகர்ந்தார், ஒரு ஆள் உட்காரும் அளவு.

பெஞ்சு வாசல் பக்கம் சாய்ந்தது. கண்ணாடியில் நான் பார்த்தது அதைத்தான், வேறு எதையும் பார்க்கவில்லை.

சிரித்த முகமாகத்தான் அன்றைக்கு அவர் நாற்காலிக்கு வந்தார். அதன்பிறகு இரண்டு பேருக்கும் பழகிவிட்டது போலிருந்தது. எனக்கும் பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த முனையை மட்டும் நான் துடைக்காமல் விட்டுவிடுவேன்.

சில வருடங்கள் போய் சிநேகிதருக்கு இரண்டாவது பட்டை வந்தது. அன்றைக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார். இஸ்திரி போட்ட புதுச்சட்டை, இரண்டு பட்டை. உள்ளே என்னைத் தவிர யாருமில்லை. வாசல் பக்கம் சாய்ந்திருந்த பெஞ்சுமேல் காலைவெயில் விழுந்திருந்தது. அவர் வாசலில் கால் வைத்ததும் பெஞ்சு 'டொக்' என்று நிமிர்ந்தது.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். அந்த முனையைப் பார்த்தார்.

"உக்காருடா" என்றார். "எனக்குப் போயி நீ எந்திரிக்கலாமா?"

பெஞ்சு அப்படியேதான் இருந்தது, சாயவில்லை. அவரும் உட்காராமல் நின்றே இருந்தார். நான் துணியைக் கையில் பிடித்தபடி நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.